தோலும் தலைவலியும்

தலை வலித்தால் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது தமிழர் இல்லங்களில் இன்றும் மறையாத வழக்கம். சுக்கு அகப்படாத விடுதி அறையில் நாம் தைலப் புட்டியைத் தேடுகிறோம். இரண்டிலும் நிகழ்வது ஒன்றே. வலி தலைக்குள்ளே, மருந்தோ தோலின் மேலே! இந்த விந்தையை நம்முள் எத்தனை பேர் நின்று நினைத்துப் பார்த்திருக்கிறோம்? நெற்றித் தோலைக் காந்தச் செய்தால் மண்டைக்குள் இருக்கும் நோவு தணியும் என்று நம் பாட்டிமார் எண்ணியது எதனால்? தோலுக்கும் தலைவலிக்கும் ஏதோ உறவு உண்டு என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் உணர்ந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். அவ்வுறவு எத்தகையது என்பதை மருத்துவ உலகம் சென்ற முப்பது, நாற்பது ஆண்டுகளாகத்தான் தெளிவாகக் கண்டு வருகிறது. ஆயினும் கண்டது ஏட்டில் இருக்கிறது. நோயாளியின் அருகே இன்னும் வரவில்லை. அந்தக் குறையைச் சொல்லவே எழுதத் துணிந்தேன்.

சுக்கின் ஊர் நமக்குத் தொலைவில் இல்லை. 'கொச்சிச் சுக்கு' என்று கடல் கடந்த சந்தைகளிலும் பெயர் பெற்ற சரக்கு, மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் வழியாகக் கப்பல் ஏறியது. யூதத் தெருவிலும் பஜார் சாலையிலும் மிளகும் சுக்கும் மஞ்சளும் வற்றல் மிளகாயும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்த காலத்தின் மணம் அங்குள்ள சுவர்களை விட்டு இன்னும் நீங்கவில்லை. மிளகு வணிகத்துக்கென 1957-இல் சங்கம் கண்டு முன்பேர வாணிகம் நடத்திய ஊர் அது. இப்பொழுது பண்டகசாலைகள் பல கலைப்பொருட் கடைகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. எனினும் சரக்கைப் புடைப்பதும் சலிப்பதும் தரம் பிரிப்பதும் அடியோடு நின்றுவிடவில்லை. 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தைக் காணச் செல்லும் நம் மாணவர்கள் தெருமுனையில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாளெல்லாம் அந்தத் தூசியில் அமர்ந்திருப்போரின் கையையும் நெற்றியையும் உற்று நோக்கியவர் யார்?

அங்கே சுக்குச் சலிக்கும் பெண்மணி ஒருவரோடு ஒரு நாள் பேச நேர்ந்தது. தென்காசிப் பக்கத்தார், தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"கை எரியாதா அக்கா?" என்றேன்.

"எரியாம இருக்குமா தம்பி? ராத்திரி சோறு பிசையும்போதுதான் தெரியும்."

"தலைவலி உண்டா?"

"அது யாருக்குத்தான் இல்லை?"

"டாக்டரிடம் சொன்னீர்களா?"

"கைக்குப் போனேன், களிம்பு குடுத்தாங்க. தலைக்குத் தனியா வேற எடத்துல சீட்டு வாங்கணும்னாங்க. ரெண்டு நாளு கூலி போயிடும்ல, தம்பி."

இரண்டு நாள் கூலி! நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் அந்த மூன்று சொல்லில் அடங்கியிருக்கிறது. உடம்பு ஒன்று, மருத்துவமனையில் அதற்கு வாயில் இரண்டு. தோலுக்கு ஒரு வரிசை, தலைக்கு ஒரு வரிசை. தோலைப் பார்ப்பவர் தலையைப் பற்றிக் கேட்பதில்லை. தலையைப் பார்ப்பவர் சட்டையைச் சற்று விலக்கித் தோலைக் காண்பதில்லை. வசதி உள்ளவன் இரண்டு வாயிலிலும் ஏறி இறங்குவான். கூலி இழப்பவன் ஒன்றோடு நின்றுவிடுவான். மற்றதைக் கடையில் வாங்கும் மாத்திரையைக் கொண்டு சமாளிப்பான்.

இனி, அந்த உறவுதான் என்ன என்பதைக் காண்போம்.

மிளகாய் கிள்ளிய விரல் ஏன் எரிகிறது? மிளகாயின் காரப் பொருளாகிய கேப்சைசின், தோலில் முடியும் நுண்ணிய நரம்பு நுனிகளில் ஒரு கதவைத் திறக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டாலும் அதே கதவு திறக்கும். நரம்புக்குக் காரமும் நெருப்பும் ஒன்றே. 'காரம் எரிகிறது' என்று தமிழன் சொன்னது உவமையன்று, உண்மை! இக்கதவை 1997-இல் அமெரிக்காவில் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியசும் அவர் குழுவினரும். அதற்காக 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை அவர் ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். மிளகின் காரமும் இஞ்சியின் காரமும் தட்டுவது அதே கதவைத்தான். தைலத்தின் மெந்தால் தட்டுவது பக்கத்துக் கதவை. அது குளிர்ச்சியை உணரும் கதவு.

கதவு திறந்ததும் நரம்பு இரண்டு வேலை செய்கிறது. எரிகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது ஒன்று. தான் முடியும் இடத்திலேயே சில பொருள்களைக் கசியவிடுவது மற்றொன்று. அவற்றுள் முதன்மையானது சி.ஜி.ஆர்.பி. என்று சுருக்கப் பெயரால் வழங்கும் ஒரு சிறு புரதம். அது இரத்தக் குழாய்களை விரிக்கும். தோல் சூடேறிச் சிவக்கும். நிற்க. இதே பொருள் ஒற்றைத் தலைவலி வந்தவரின் கழுத்து நாளத்து இரத்தத்தில் மிகுந்து நிற்பதை 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் எடுத்துக் காட்டினர். அப்பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வழக்கத்துக்கு வந்தன. 2021-இல் அவ்விருவரோடு யெஸ் ஓலெசன், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் ஆகியோரும் சேர்ந்து டென்மார்க்கு நாட்டின் மூளைப் பரிசைப் பெற்றனர். தோலில் கசிந்தால் செம்மையும் காந்தலும் தருகின்ற பொருள், மூளையை மூடிய உறையில் கசிந்தால் மண்டையிடியைத் தூண்டுகிறது.

ஒரே பொருள் என்பதோடு ஒரே நரம்பும்கூட. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளையாகப் பிரிந்து முகத்தோல் அனைத்தையும் உணரும் நரம்பை முக்கிளை நரம்பு என்பர். அதன் இழைகளே உள்ளே சென்று மூளையுறையிலும் படர்ந்திருக்கின்றன. பிடரித் தோலிலிருந்து வரும் நரம்புகளும் மூளைத் தண்டின் அடியில் இதனோடு ஒரே நிலையத்தில் கூடுகின்றன. கோவைக்குப் போகும் வழியில் ஷொர்ணூர்ச் சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வந்த வண்டி எது, தெற்கிலிருந்து வந்த வண்டி எது என்று அறியாமல் சுமைகூலியே திகைப்பதுண்டு. மூளையும் அவ்வாறே திகைக்கிறது. கருவில் முதன்முதல் தோன்றும் படலங்களுள் புறப்படலம் ஒன்றிலிருந்தே தோலின் மேற்பரப்பும் நரம்பு மண்டலமும் பிறக்கின்றன என்பதையும் ஈண்டு நினைவில் வைக்கலாம்.

இதற்குச் சான்று நம் வீட்டிலேயே கிடைக்கும். ஒற்றைத் தலைவலி முற்றும்போது சீப்புப் பட்டால் வலிக்கிறது என்று தங்கை சொல்வாள், பின்னலை அவிழ்ப்பாள், மல்லிகைச் சரத்தை எடுத்து வைப்பாள், மூக்குக் கண்ணாடியும் பாரமாக இருக்கும். பாசாங்கு என்று நாம் நகைப்போம். 2000-இல் ராமி பர்ஸ்டைன் என்பார் பாஸ்டன் நகரில் 42 நோயாளிகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு 79 பேருக்குத் தலைவலி வேளையில் தோலே நோவுணர்ச்சி மிகுந்து, மென்மையான தொடுகையும் வலியாக மாறியதைக் கண்டார். இது பாசாங்கு அன்று. சந்திப்பு நிலையத்தில் எழுந்த குழப்பம். தலைக்குக் குளித்து ஈரத்தோடு இருந்தால் தலைவலி வரும் என்று தாய்மார் சொல்வதையும் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தவர்கள் உண்டு. மும்பை நரம்பியல் மருத்துவர் ரவிசங்கர், தலைக்குளியலால் ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் ஆராய்ச்சி இதழில் எழுதினார். மேல்நாட்டு நூல்களில் இடம் பெறாத தூண்டுகோல் அது. அங்கே நீண்ட கூந்தலை நனைத்து உலர்த்தும் வழக்கம் குறைவு. நம் தாய்மார் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டும் என்று நான் கூறவில்லை. கேட்டுக் குறித்துக்கொண்டு சோதிக்க வேண்டும் என்கிறேன்.

தோல் நோய் உடையவர்க்கு ஒற்றைத் தலைவலி மிகுதியாக வருகிறதா என்பதே அடுத்த கேள்வி. குடிமக்கள் அனைவரின் மருத்துவக் குறிப்புகளையும் பதிவேட்டில் வைத்துள்ள டென்மார்க்கில் இதை எண்ணிப் பார்த்தனர். நாம் காளாஞ்சகப் படை என்னும் சோரியாசிஸ் உடையவர்க்கு ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்றும், படை கடுமையாக இருந்தால் அது மேலும் கூடுகிறது என்றும் 2015-இல் எழுதினர். முகம் சிவந்து காந்தும் ரொசேசியா என்னும் நோயிலும் அதே உறவை 2017-இல் கண்டனர். மகளிரிடம் அது தெளிவாகத் தெரிந்தது. 2024-இல் மேலும் ஒரு படி சென்று, ஒற்றைத் தலைவலிக்கான ஊசி மருந்தை ரொசேசியா உடையவர்க்குப் போட்டுப் பார்த்தனர்; முகத்தின் செம்மையும் தகிப்பும் குறைந்தன. சிறிய சோதனைதான், மருந்தில்லா ஊசி போட்டு ஒப்பிட்டதும் இல்லை. ஆகவே கைதட்டும் நேரம் இன்னும் வரவில்லை. கரப்பான் உடைய குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 19 மக்கட் கணக்கெடுப்புகளைத் திரட்டி ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். கரப்பானுக்கும் தலைவலிக்கும் தொடர்பு இருந்தது. உறக்கம் கெட்ட குழந்தைகளிடம் அது மிகுந்திருந்தது. இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டுமா? இரவெல்லாம் சொறிபவனுக்கு உறக்கம் ஏது? உறக்கம் இல்லாதவனுக்குக் காலையில் தலைவலி வராமல் என்ன செய்யும்? பண்டகசாலைப் பெண்ணின் கை எரிச்சலுக்கும் தலைவலிக்கும் நடுவே நிற்பது அந்த உறக்கமாகவே இருக்கலாம். களிம்பு கொடுத்தவர் 'இரவில் தூங்குகிறாயா அம்மா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைவலி மிகப் பரவிய நோய். தோல் நோயும் அப்படியே. பெங்களூரைச் சூழ்ந்த நகர்ப்புறத்திலும் சிற்றூர்களிலும் 18 முதல் 65 வயது வரை உள்ளோரை வீடு வீடாகச் சென்று கேட்ட ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஓராண்டில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. நால்வரில் ஒருவருக்கு உள்ள நோய், படை உடையவரிடமும் காணப்பட்டால் அதில் வியப்பில்லை. இரண்டும் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றதைப் பெற்றது என்று முடிவு கட்டலாகாது. உறவை மறுப்பது ஒரு தவறு எனில், எங்கும் உறவைக் காண்பது மற்றொரு தவறு. 'உடம்புச் சூடு' என்ற ஒரே சொல்லால் பருவையும் படையையும் தலைவலியையும் விளக்கி, எண்ணெய்ப் புட்டி விற்கும் விளம்பரக்காரர்கள் இந்த இரண்டாம் தவற்றால் வாழ்பவர்கள்.

இன்னொரு தடை நம் தோலின் நிறத்தில் இருக்கிறது. முகம் சிவத்தல், தோல் கன்றிச் சிவத்தல் என்றே மருத்துவ நூல்கள் பேசுகின்றன. அவற்றில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளையர் முகங்கள். கருநிறத்தவர் தோலில் செம்மை எளிதில் தோன்றாது. ஊதாவாகவோ சாம்பலாகவோ மேலும் கறுத்தோ தோன்றும். சூடும் காந்தலும் இருக்கும். கண்ணுக்கு அடையாளம் இராது. ஆகவே 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. கண்ணால் காண முடியாததைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கருநிறத் தோலைப் படித்தறிவது நம் நாட்டு மருத்துவக் கல்விக்குத் தலைமைப் பாடமாக இருக்க வேண்டியது. அது பின்னிணைப்பாக இருப்பது நாணத்தக்கது.

இவை எல்லாம் ஆராய்ச்சியாளர் பாடு, நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்கு மருந்துப் புட்டியைக் காட்டுகிறேன். இரண்டு வாயிலுக்கும் நடுவே நோயாளி எப்படி இடறி விழுகிறான் என்பது இங்கேதான் நன்கு விளங்கும்.

ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று புரோப்ரனோலால். விலை மலிவு, பலருக்கு நல்ல பயன் தருவது. ஆனால் அது சோரியாசிஸைத் தூண்டவும் முற்றச் செய்யவும் கூடும் என்பது பாடநூலில் உள்ள செய்தி. முழங்கையில் செதில் செதிலாகப் படை இருப்பதைப் பாராமலும், கேளாமலும் அம்மருந்தை எழுதினால் என்ன ஆகும்? தலைவலி தணியும், படை பரவும், நோயாளி அடுத்த வரிசையில் போய் நிற்பான். அங்கிருப்பவர் களிம்பை மாற்றுவாரே தவிர, தலைவலிக்கு என்ன விழுங்குகிறாய் என்று கேட்பாரா?

எதிர்த்திசையிலும் இதே கதை. முகப்பரு நம்முள் பலருக்கும் உள்ள துன்பம். அதற்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியவை சிலருக்கு, மிகச் சிலருக்கே எனினும், மண்டைக்குள் அழுத்தத்தை உயர்த்திவிடும். விடாத தலைவலி, குனிந்தால் மிகுதல், கண் சற்று மங்குதல், காதில் நாடித் துடிப்புக் கேட்டல் ஆகியவை அதன் குறிகள். தேர்வுக் காலத்தில் இது வந்தால் என்ன நினைப்போம்? படிப்பின் களைப்பு என்போம். விடுதி நண்பனிடம் வலி மாத்திரை ஒன்று வாங்கி விழுங்குவோம். கண் நரம்பு கெடுவதற்கு அத்தனை காலம் போதும். பருவுக்கு மருந்து உண்ணும்போது புதிதாகத் தலைவலி தொடங்கினால் மருந்தெழுதியவரிடம் அன்றே சொல்ல வேண்டும். ஐசோட்ரெட்டினாயினோடு மற்ற இரண்டில் ஒன்றைச் சேர்த்து உண்ணலாகாது என்பதும் அறிந்திருக்க வேண்டியது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாதபோது அப்படிச் சேர்ந்துவிடுவது இயல்பு.

வலி மாத்திரைக்கும் தோலில் சுவடு உண்டு. ஒரே வகை மாத்திரை உண்ணும்போதெல்லாம் உதட்டிலோ கையிலோ அதே இடத்தில் வட்டமாய்க் கறுத்துத் தடித்து எரியும் புண் சிலருக்குத் தோன்றும். அதைப் படை என்று எண்ணிக் களிம்பு தடவுவார்கள். அடுத்த தலைவலிக்கு மீண்டும் அதே மாத்திரை. மீண்டும் அதே வட்டம்! அன்றியும், சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், கலப்பு மாத்திரையை 10 நாளுக்கு மேல் மூன்று மாதத்துக்கு மேலாக உண்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று உலகத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாடு சொல்கிறது. தினமும் ஒன்று போடும் பழக்கம் நம் விடுதிகளில் அரிதன்று. தோலுக்கான ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, சொறிக்கும் சிவப்பழகுக்கும் ஒரே குழாயை நீட்டும் கடையும் இருக்கிறது.

இனி அக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. கண்பார்வையே பறிபோகும் இடம் இது. ஆகவே சற்று நின்று சொல்ல வேண்டும். சிறு வயதில் வந்த சின்னம்மை நீங்கினாலும் அதன் கிருமி நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ அது முக்கிளை நரம்பின் மேற்கிளையில் விழித்தால், முதலில் நெற்றியின் ஒரு பக்கம் குத்தும், எரியும். அப்பொழுது தோலில் ஒன்றும் இராது. ஒற்றைத் தலைவலி என்று எவரும் எண்ணுவர். சில நாளில் அதே பக்கம் கொப்புளங்கள் வரிசையாக எழும். நெற்றியின் நடுக்கோட்டை அவை தாண்டுவதில்லை. மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்கு ஆபத்து அருகில் என்று பொருள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் கிருமியை ஒடுக்கும் மருந்தைத் தொடங்கினால் பயன் மிகுதி. நம் ஊர்களில் இந்த 72 மணி நேரம் எங்கே செலவாகிறது? குயவரிடம் சென்று செங்காவியால் 'அக்கி எழுதி'க் கொள்வதில்! காவி குளிர்ச்சி தரலாம். எழுதுபவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார். அவரைப் பழிக்க நான் விரும்பவில்லை. எழுதி முடித்ததும் 'கண் பக்கம் வந்திருக்கிறது, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று சொல்லும் குயவர் ஒருவர் ஊருக்கு இருந்தால் எத்தனை கண்கள் பிழைக்கும்!

காய்ச்சலும் கடுந்தலைவலியுமாக வருபவரின் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ பொருக்குப் போன்ற சிறு கரும்புண் இருக்கிறதா என்று தேடுவதும் இத்தகையதே. உண்ணிப் பூச்சியின் இளங்குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளம் அது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள நோய். உரிய காலத்தில் அறிந்தால் மலிவான மாத்திரையில் தீரும். அறியாவிடில் உயிரையே கொள்ளும். சட்டையைக் கழற்றிப் பார்க்காத மருத்துவருக்கு அந்தக் கரும்புண் தென்படாது.

கொச்சியில் தமிழர் என்றதும் வணிகரையும் மாணவரையுமே நினைக்கிறோம். 1663 முதல் 1795 வரை இங்கு ஆண்ட டச்சுக்காரர், தம் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டு வண்ணாரைக் கொண்டுவந்து குடியேற்றினர். அவர் வழிவந்தோர் மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் இன்றும் தமிழ் பேசி, துவைத்து, தேய்த்து வாழ்கின்றனர். சலவைச் சோடாவும் வெளுப்புப் பொடியும் கைத்தோலைத் தின்னும். உச்சி வெயில் தலையில் ஏறும். அடைத்த அறையில் கரி நெருப்பு இஸ்திரிப் பெட்டியின் புகையும் சேர்ந்தால், அதிலுள்ள நச்சு வாயுவே தலைவலிக்குப் போதுமான காரணம். கைப்புண்ணைக் கண்டவர் தொழிலைக் கேட்டால் தலைவலியின் காரணமும் அதே விடையில் கிடைத்துவிடும். இத்தாலி நாட்டு மருத்துவர் ராமசினி, தொழில் நோய்களைப் பற்றி 1700-இல் எழுதிய நூலில், நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்?' என்று கட்டாயம் கேளுங்கள் என்றார். துணி வெளுக்கும் பெண்களைப் பற்றியும் அதில் எழுதினார். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கேள்வி இன்னும் வரிசையில் நிற்கிறது.

(வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாறு பட்டு, சட்டைக் கழுத்துப் படும் பிடரியில் கொப்புளம் எழுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டுச் சிப்பாய்கள் பிடரியைச் சொறிந்துகொண்டு திரிந்ததும், இராணுவ மருத்துவர்கள் அதற்குத் 'தோபி குறி' நோய் என்று பெயரிட்டதும் வரலாறு. நம் வண்ணாருக்குப் புகழ் எந்த வழியில் எல்லாம் வந்து சேர்கிறது!)

கொச்சிக்கு இவ்வகையில் ஒரு பழம்பெருமை உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் மூலிகை நூலுக்கு இவ்வூர்ப் பகுதியின் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், கொங்கணி அந்தணர் மூவரும் தம் அறிவை வழங்கினர். அவர்களுக்குத் தோலுக்கு ஒரு வாயில், தலைக்கு ஒரு வாயில் என்ற பிரிவு இல்லை. பழைய மருத்துவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டா. பிரிவுகள் வேண்டும், தோலைக் கற்றவர் ஆழமாகக் கற்றிருக்கிறார். பிரிவுகளுக்கு நடுவே சுவர் வேண்டுமா என்பதே என் வினா.

நம் சங்கம் என்ன செய்யலாம்? ஆண்டு விழாவுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கும் இதற்கு வேண்டாம். மருத்துவம் பயிலும் நண்பர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களோடும் மலையாளத் தோழர்களோடும் சேர்ந்து மட்டாஞ்சேரிப் பண்டகசாலைத் தொழிலாளரையும் வெளியில் உள்ள சலவைத் தொழிலாளரையும் கண்டு நான்கே கேள்விகள் கேட்போம்: தொழில் என்ன, தோலில் என்ன, தலைவலி மாதத்தில் எத்தனை நாள், உண்ணும் மருந்து என்ன. நான்கு விடையையும் ஒரே தாளில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். எந்த வாயிலில் நுழைந்தாலும் மற்ற வாயிலின் செய்தியும் கூடச் செல்லும். மொழி தடையாகாது. கரப்பானை இங்கே கரப்பன் என்பர். சொறி இங்கும் சொறியே. ஒற்றைத் தலைவலியைச் சென்னிக்குத்து என்றும் கொடிஞ்ஞி என்றும் சொல்வர். நமக்குத் தலை முழுவதையும் குறிக்கும் 'சென்னி' என்ற சொல் இங்கே நெற்றிப் பொட்டைக் குறிக்கும் அளவில் சுருங்கி வாழ்கிறது. தமிழ் படிக்கும் தோழர்களும் உடன் வந்தால் இப்படி நாலு சொற்கள் கிடைக்கும்.

வேலை நாளில் சென்று கூலியைக் கெடுக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை மாலையே தக்கது. பெண்களிடம் கேட்க நம் சங்கத்துப் பெண் தோழர்கள் முன்வர வேண்டும். ஆண்களைக் கண்டால் அந்த அக்காமார் தோலைக் காட்டத் தயங்குவர். பண்டகசாலைக் கூடங்களில் வெளிச்சம் குறைவு. பார்க்க வேண்டிய தோலோ கருநிறத் தோல். ஆதலால் நல்ல கைவிளக்குகள் இரண்டு வாங்க வேண்டும். அவற்றின் விலையை நான் தருகிறேன். செயலாளர் நாள் குறிக்கட்டும்.